புதுப்பிப்பு: பிக்கப் வண்டியின் கூலன்ட் கசிவு நின்றுவிட்டது

பண்ருட்டியிலிருந்து பலாப்பழ லோடுடன் வரும்போது, நெல்லிக்குப்பம் தாண்டியதும் வெப்பமானி முள் ஏறியதையும் வண்டிக்கடியில் பச்சை நிறக் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சொட்டியதையும் போன வாரம் எழுதியிருந்தேன். கூலன்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் போய்விட்டது என்றே பயந்தேன். இல்லை, கூலன்டை ஆறவைக்கும் ரேடியேட்டரின் மேல்பக்க ரப்பர் ஹோஸ்தான்.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு கழற்றினேன். ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் அமர்ந்திருந்த இடத்துக்குக் கீழேயே நகக்கீறல் போல ஒரு வெடிப்பு. பிதுக்கினால்தான் வாய் திறந்தது. சூடேறி அழுத்தம் கூடும்போது மட்டும் கசிந்தது இதனால்தான். போன வாரப் பதிவைப் படித்து, கிளிப்பை இறுக்கினால் போதும் என்றவர்கள் மன்னிக்கவும். இறுக்கித்தான் பார்த்தேன், வெடிப்பு இன்னும் நீண்டது.

புது ஹோஸ் போட்டேன். கிளிப்புகளையும் மாற்றிவிட்டேன், கடலூர் முதுநகரின் உப்புக் காற்றில் பழையவை துருவேறி உதிர்ந்தன. கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி. போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், உள்ளே உப்பு படியும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தபடியே, ஆறிய என்ஜினை ஓடவிட்டதும் குமிழ் குமிழாகக் காற்று வெளியேறி மட்டம் இறங்கியது. மறுபடி நிரப்பி மூடினேன்.

நேற்று சிதம்பரம் போய்வந்தேன். முள் பாதியைத் தாண்டவில்லை. இரவு வண்டிக்கடியில் விரித்த அட்டை காலையில் காய்ந்தே கிடந்தது.