கேஸ் ட்ரையர்: முதல் பத்து நிமிஷம் சூடு, அப்புறம் வெறும் காத்து. எந்த பார்ட் போயிருக்கும்?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. எங்க வீட்ல இருக்கிறது கேஸ்ல ஓடுற ட்ரையர், வாங்கி பதினோரு வருஷம் ஆச்சு, நடுவுல பெல்ட் ஒரு தடவை மாத்துனதோட சரி, வேற தொந்தரவு குடுத்ததில்ல. போன வாரத்துல இருந்து ஆன் பண்ண உடனே நல்லா சூடாகுது, பத்து நிமிஷத்துல கதவ திறந்து கைய வச்சா துணி கதகதன்னு இருக்கு, ஆனா அரை மணி நேரம் கழிச்சு பாத்தா சூடே இல்லாம சில்லுனு ஈரமா கிடக்குது. மூணு ரவுண்டு ஓட்டுனாதான் ஒரு பெட்ஷீட் காயுது. அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க, தினமும் ரெண்டு மூணு விரிப்பு மாத்தணும், இது நின்னு போச்சுன்னா எனக்கு கை ஒடிஞ்ச மாதிரி.

கீழ முன்பக்க தகட்ட கழட்டிட்டு ஓடும்போது தள்ளி உக்காந்து பாத்தேன். இக்னைட்டர், அதாவது கேஸ பத்த வைக்கிற பாகம், செக்கச்செவேல்னு பழுக்குது, டக்குனு ஒரு சத்தம், புஸ்ஸுன்னு நீலமா தீ பிடிக்குது, கொஞ்ச நேரம் எரிஞ்சு அணையுது. ரெண்டாவது தடவையும் ஒழுங்கா பிடிச்சுது. அதுக்கப்புறம்தான் பிரச்சனை, இக்னைட்டர் பழுக்குது, டக்குங்குது, ஆனா தீ வரல, இக்னைட்டரும் அணைஞ்சுடுது, கொஞ்ச நேரத்துல மறுபடியும் அதே மாதிரி. ஃபோன்ல ஒரு மெக்கானிக்கிட்ட கேட்டேன், இக்னைட்டர் மாத்துங்கன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டார். மாத்தலாமா?

பதில் 1

இக்னைட்டர மாத்தாதீங்க, அது நல்லாத்தான் இருக்கு. போன இக்னைட்டர் பழுக்கவே பழுக்காது. நீங்க உக்காந்து பாத்து எழுதுனது ரொம்ப உதவியா இருக்கு, அதுலயே பதில் இருக்கு.

உள்ள என்ன நடக்குதுன்னா, கேஸ் வால்வுல ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா ரெண்டு கதவு, ரெண்டும் திறந்தாதான் பர்னருக்கு கேஸ் வரும். ஒவ்வொரு கதவையும் இழுத்து திறக்கிறது அது மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்கிற காயில், அதாவது கரண்ட் போனா காந்தமாகுற கம்பிச் சுருள். முதல் காயில் ஆரம்பத்துலயே கதவ திறந்து பிடிச்சுக்கும். இக்னைட்டர் நல்லா பழுத்ததும் பக்கத்துல இருக்கிற ஃப்ளேம் சென்சார் அந்த வெக்கைய உணர்ந்து டக்குனு கான்டாக்ட்ட பிரிக்கும், அதுதான் நீங்க கேக்குற சத்தம். அப்பதான் கரண்ட் ரெண்டாவது காயில் வழியா போய் ரெண்டாவது கதவும் திறக்கணும். உங்களுக்கு இக்னைட்டர் வேலை செய்யுது, சென்சாரும் வேலை செய்யுது, கேஸ் முதல் ரெண்டு தடவை வந்துச்சு அதனால சப்ளையும் இருக்கு. மிச்சம் இருக்கிறது காயில்தான். பழைய காயில் சூடு ஏறுனதும் பலம் இழந்துடும், குளிர்ந்த மெஷின்ல திறக்கும், பத்து நிமிஷம் கழிச்சு இழுக்க முடியாம விட்டுடும். கேஸ் ட்ரையர்ல இது ரொம்ப சகஜமான கோளாறு.

சென்சார் போயிருந்தா வேற மாதிரி தெரியும், இக்னைட்டர் பழுத்தது பழுத்தபடியே நிக்கும், அணையாது. இக்னைட்டர் பழுக்கவே இல்லன்னா இக்னைட்டர், தெர்மோஸ்டாட் (சூட்ட கட்டுப்படுத்துற சுவிட்ச்), தெர்மல் ஃப்யூஸ் (சூடு மீறுனா கரண்ட்ட வெட்டுற ஃப்யூஸ்) இதெல்லாம் மல்டிமீட்டர்ங்கிற கரண்ட் அளக்கிற கருவி வச்சு பாக்கணும்.

ரெண்டு காயிலையும் சேர்த்தே மாத்துங்க, ஒண்ணு மட்டும் மாத்துனா இன்னொண்ணு சீக்கிரமே போகும். மேல பிடிச்சிருக்கிற பட்டைல ரெண்டு ஸ்க்ரூ, அத கழட்டுனா காயில் கையோட வந்துடும். கேஸ் போற வழிய திறக்கவே தேவையில்லங்கிறதுதான் இதுல பெரிய நிம்மதி. ஆனாலும் ப்ளக்க புடுங்கிட்டு, ட்ரையருக்கு கேஸ் வர்ற பைப்புல இருக்கிற வால்வையும் மூடிட்டு, அதாவது கைப்பிடிய பைப்புக்கு குறுக்க திருப்பிட்டு வேலைய ஆரம்பிங்க. இக்னைட்டர் மேல கை படாம பாத்துக்கங்க, அந்த கறுப்பு பாகம் சிலிக்கான் கார்பைடா இருந்தா லேசா இடிச்சாலே உடையும்.

பதில் 2

ப்ரோ எனக்கென்னவோ காத்து போற பைப் அடைச்சிருக்கும்னு தோணுது, எங்க வீட்லயும் துணி காயாம இப்படித்தான் இருந்துச்சு. பின்னாடி அந்த பைப்ப கழட்டி விட்டுட்டு ஒரு ரவுண்டு ஓட்டி பாருங்க, காஞ்சுதுன்னா பைப்தான் காரணம், பைசா செலவில்லாம தெரிஞ்சுடும்.

பதில் 3

மேல இருக்கிறத தயவுசெஞ்சு செய்யாதீங்க. கரண்ட் ட்ரையருக்கு வேணா அது சரி. கேஸ் ட்ரையர்ல பர்னர் எரிஞ்ச புகையும் துணியோட ஈரமும் ஒரே பைப்புலதான் வெளிய போகுது, அதுல கார்பன் மோனாக்சைடு இருக்கும், அதுக்கு வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது. படுத்த படுக்கையா ஒருத்தங்க இருக்கிற வீட்ல ஒரு ரவுண்டுக்குக் கூட இத முயற்சி பண்ணக்கூடாது. எங்க வீட்ல ஒரு தடவை பைப் இணைப்பு பின்னாடி நழுவினது தெரியாம ரெண்டு நாள் ஓட்டியிருக்கோம், எல்லாருக்கும் தலைவலி, சளி பிடிக்கப்போகுதுன்னு நெனச்சு மாத்திரை போட்டுட்டு இருந்தோம். மூணாவது நாள் ஜன்னல்ல தண்ணி கோத்திருந்தத பாத்துட்டு அம்மாதான் கண்டுபிடிச்சாங்க. அன்னிக்கே மோனாக்சைடு அலாரம் வாங்கி மாட்டினோம்.

பைப் அடைப்பு பாக்கணும்னா வெளிய சுவர்ல இருக்கிற மூடிக்கு போய் கைய நீட்டுங்க, ட்ரையர் ஓடும்போது மூடி நல்லா தூக்கி நிக்கணும், காத்து வேகமா அடிக்கணும். மந்தமா வந்தா மெஷின நிறுத்திட்டு பைப்ப சுத்தம் பண்ணுங்க. ப்ளாஸ்டிக்லயோ மெல்லிசான அலுமினிய காகிதத்துலயோ சுருள் குழாய் போட்டிருந்தா தூக்கிப் போட்டுட்டு 4 இஞ்ச் உருட்டு தகர பைப் போடுங்க, இணைப்புல உள்பக்கம் நீட்டிக்கிற மாதிரி ஸ்க்ரூ போடாதீங்க, பஞ்சு அதுலதான் மாட்டும்.

அடைப்புனாலயும் சூடு விட்டு விட்டு வரும், ஆனா அப்ப தெர்மோஸ்டாட் பர்னர் பக்கத்துக்கே கரண்ட்ட வெட்டிடும், இக்னைட்டர் பழுக்காது. இவருக்கு பழுக்குதே. அதனால முதல் பதில்ல சொன்னதுதான் சரி.

கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. பைப்ப கழட்டி ஓட்டலாம்னு நானும் நெனச்சுட்டுதான் இருந்தேன், நல்ல வேளை செய்யல. ப்ளக்க புடுங்கிட்டு காயில் ரெண்டையும் மல்டிமீட்டர்ல பாத்தேன். மூணு பின் இருக்கிறதுல ஒரு ஜோடி 1360 ஓம்ஸ், இன்னொரு ஜோடி 560, ரெண்டு பின் காயில் 1230. இக்னைட்டர் 130. இதெல்லாம் சரியான அளவுன்னுதான் மெஷினுக்குள்ள ஒட்டியிருந்த தாள்ல இருக்கு. அப்ப காயில் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்? குழப்பமா இருக்கு.

பதில் 1

குளிர்ந்து போய் இருக்கும்போது அளந்தீங்கல்ல, அப்ப சரியாத்தான் காட்டும். உங்க காயில் கெட்டுப் போறது சூட்டுல. நிறைய பேரு இந்த இடத்துலதான் காயில் ஓகேன்னு முடிவு பண்ணி வால்வு மொத்தத்தையும் மாத்திடுறாங்க. கண்ணால பாத்தத நம்புங்க, பழுத்துச்சு, டக்குன்னுச்சு, தீ வரல, மாத்துங்க.

கேட்டவர்

மாத்திட்டேன்! தகட்ட கழட்டுறதுல இருந்து மூடுற வரைக்கும் முக்கால் மணி நேரம், ஒயர் சாக்கெட் ரெண்டும் வேற வேற வடிவம், அதனால மாத்தி சொருக வழியே இல்ல. இப்ப நாலு தடவை தொடர்ந்து தீ பிடிச்சத உக்காந்து பாத்துட்டேன், அம்மாவோட விரிப்பு ஒரே ரவுண்டுல காஞ்சு வந்துச்சு, அத மடிக்கும்போது எனக்கு வந்த சந்தோஷத்த சொல்ல முடியாது. மெஷின நகத்தும்போது பின்னாடி வளைவுல ரெண்டு கை நிறைய பஞ்சு எடுத்தேன், பர்னர் பக்கத்துல தரையிலயும் கிடந்துச்சு, வாக்வம் போட்டுட்டேன். அவ்ளோ பஞ்சு தீக்கு பக்கத்துல இருந்தத நெனச்சா இப்பவும் பக்குங்குது.

பதில் 3

ரொம்ப சந்தோஷம். இன்னும் ஒண்ணு மட்டும் பண்ணிடுங்க, மெஷின நகத்திட்டீங்க, அதனால பைப்புல இருக்கிற கேஸ் வால்வ திறந்து வச்சு பின்னாடி குழாய் இணைப்புல சோப்பு தண்ணி தடவி பாருங்க, முட்டை முட்டையா நுரை வந்தா கசியுது, உடனே மூடிட்டு ஆள கூப்பிடுங்க, நெருப்பு வச்சு பாக்கவே கூடாது. அப்புறம் லிண்ட் ஃபில்டர்ல, அதாவது துணிப் பஞ்சு பிடிக்கிற வலைல, தண்ணி ஊத்தி பாருங்க. வலை வழியா இறங்காம தேங்கி நின்னா துணியோட ட்ரையர்ல போடுற வாசனை ஷீட்டோட மெழுகு படிஞ்சிருக்குன்னு அர்த்தம், வெந்நீர்ல சோப்பு போட்டு பழைய பல் பிரஷ்ஷால தேய்ச்சு, நல்லா காய வச்சு மாட்டுங்க.

கேட்டவர்

சோப்பு தண்ணி தடவிட்டேன், நுரை எதுவும் வரல. ஃபில்டர்ல தண்ணி அப்படியே தேங்கிதான் நின்னுச்சு, தேய்ச்சு காய வச்சிருக்கேன்.