மிட்சுக்கோ: பழைய சீசா உயர்த்தியா, புதியது மட்டமா?

தாழை:
பாரிஸில் போர்ட் த கிளிஞான்கூர் மெட்ரோவில் இறங்கிப் போகும் பழம்பொருள் சந்தையில் கெர்லான் நிறுவனத்தின் மிட்சுக்கோ வாசனைத் திரவியம் ஒன்று நாற்பது யூரோவுக்குக் கிடைத்தது. தலைகீழ் இதய வடிவ மூடி, உள்ளே கால் சீசா, கடுந்தேநீர் நிறம். பெட்டி இல்லை. எண்பதுகளைச் சேர்ந்தது என்றார் விற்றவர், நம்பிவிட்டேன். அதே மிட்சுக்கோவின் புதிய ஓ த துவாலெட் (செறிவு குறைந்த வகை) ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது.

இடது மணிக்கட்டில் பழையது, வலதில் புதியது. பழையது முதல் ஐந்து நிமிடம் நகப்பூச்சு அழிக்கும் திரவம்போல் நெடி அடித்தது. பிறகு பழுத்த பீச், கொஞ்சம் இலவங்கப்பட்டை. இரவில் நனைந்த மரப்பட்டை வாசம். புதியது எலுமிச்சைச் சாயலில் பளிச்சென்று தொடங்கி மாலைக்குள் காணாமல் போனது. என் கணவர் இடது கையை முகர்ந்துவிட்டு, “கல்பாசி தாளித்தாயா?” என்கிறார். சேர்மானத்தை மாற்றிக் கெடுத்துவிட்டார்களா?

மகிழம்பூ:
கெடுத்துவிட்டார்கள். காசு மிச்சம் பிடிக்கத்தான், வேறென்ன?

அத்தர்க்கடைப் பேரன்:
தாழை, உங்கள் கணவரின் மூக்குக்கு ஒரு கும்பிடு. 1919-ல் ஜாக் கெர்லான் உருவாக்கிய மிட்சுக்கோவின் அடிமணம் ஓக் பாசி. பெயர்தான் பாசி, அது மரத்தில் படரும் லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். நம் அடுக்களைக் கல்பாசியும் அதே குடும்பம்தான்.

மகிழம்பூ, காசு மட்டும் காரணம் இல்லை. அந்தப் பாசிச் சாற்றில் உள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டும் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தருபவை. ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் தடை விதித்தது. 2019-லிருந்து புதிய சரக்குக்கும், 2021 ஆகஸ்டிலிருந்து கடையில் ஏற்கெனவே இருந்த சரக்குக்கும் அது பொருந்தியது. இப்போது அந்த இரண்டையும் நீக்கிய சாற்றைத்தான் பயன்படுத்த முடியும். நீக்கும்போது, மைக்கூட்டைத் திறந்ததுபோல் வரும் அந்த இருண்ட வாசமும் கொஞ்சம் போய்விடுகிறது. எனக்கும் அதில் வருத்தம்தான்.

ஆனால் உங்கள் ஒப்பீட்டிலும் கோளாறு இருக்கிறது. அந்த இதய மூடிச் சீசாவில் அக்காலத்தில் வந்தது பர்ஃப்யூம், அதாவது செறிவு மிக்க வகை. அதை ஓ த துவாலெட்டோடு ஒப்பிடுவது தேங்காயின் முதல் பாலையும் மூன்றாம் பாலையும் ஒப்பிடுவதுபோல.

அடுத்து, வயது. பழைய சீசாவில் முதலில் சாவது பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் வாசம். அந்த நெடி அதன் மிச்சம். பீச் வாசம் தருவது காமா-அன்டெக்கலாக்டோன் என்ற வேதிப்பொருள். தொழிலில் சி-14 ஆல்டிஹைடு என்பார்கள், ஆனால் அது ஆல்டிஹைடே இல்லை. கெட்டியான சரக்கு, அவ்வளவு எளிதில் சிதையாது. பெர்கமாட் போய்விட்டதால் பீச் தனியாக நின்று பெரிதாகத் தெரிகிறது. அன்று கடையில் வாங்கியவர் முதலில் முகர்ந்தது உங்கள் வலது கையைப் போன்ற பளிச்சென்ற தொடக்கத்தைத்தான்.

தாழை:
சீசாவின் அடியில் தேய்ந்த எழுத்துகளை உருப்பெருக்கியில் பார்த்தேன். பர்ஃப்யூம்தான். வெட்கமாக இருக்கிறது.

புதிய பர்ஃப்யூமில் 2 மில்லி மாதிரி வாங்கி, இம்முறை காகிதப் பட்டைகளில் தடவி, ஆறு மணி நேரம் கழித்து முகர்ந்தேன். பீச்சும் இலவங்கப்பட்டையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. வித்தியாசம் பாதியாகிவிட்டது. ஆனால் அந்த நனைந்த மரப்பட்டை பழையதில் மட்டும்தான். புதியதில் அந்த இடத்தில் நல்ல, காய்ந்த மரம் இருக்கிறது. கணவரிடம் எது எதென்று சொல்லாமல் நீட்டினேன்; கல்பாசியை உடனே கண்டுபிடித்துவிட்டார்.

மகிழம்பூ:
அப்படியானால் நான் சொன்னதிலும் பாதி உண்மை!

அத்தர்க்கடைப் பேரன்:
கெடுத்தார்கள் என்ற பாதி வேண்டுமானால். தாழை, அந்தக் கால் சீசாவைக் குளியலறையில் வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள், அங்குள்ள சூடும் ஈரமும் அதைக் கெடுத்துவிடும்.

தாழை:
குளியலறையில்தான் இருந்தது. எடுத்துவிட்டேன்.