ஏற்காடு கல்கட்டு பங்களா: நில அதிர்வுக்குப் பின் வெடிப்பு. ஓட்டுக்கூரையைப் பிரித்து கான்கிரீட் போடலாமா?

காப்பித்தோட்டம் கேட்டது:

நூறு வருஷம் தாண்டின எஸ்டேட் பங்களா. 60 செ.மீ. கருங்கல் சுவர், நடுவில் மண்ணும் கல்சில்லும், மேலே சுண்ணாம்புப் பூச்சு. முன்பக்கம் மங்களூர் ஓடு. பின்கட்டில் ரெண்டு அறை மட்டும் மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்தரத்து மேல செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தட்டைக்கூரை. லேசான அதிர்வுக்குப் பிறகு மூணு விஷயம் கண்ணில் படுது. வடகிழக்கு மூலையில் மேலிருந்து கீழே ஒரு வெடிப்பு. உச்சியில் விரல் நுழையும், ஜன்னல் மட்டத்துக்கு வரும்போது மயிரிழை. ரெண்டு ஜன்னலுக்கு நடுவில் இருக்கிற சுவரில் குறுக்குக் கீறல். மேற்குச் சுவர் வெளிப்பக்கம் ஆள் உயரத்தில் வீங்கியிருக்கு.

கான்ட்ராக்டர் சொல்றது: ஓட்டைப் பிரிச்சுட்டு 5 இஞ்ச் சிலாப், சுவர் தலையில் கான்கிரீட் பெல்ட், உள்ளேயும் வெளியேயும் சிமென்ட் பூச்சு. இது சரிதானா? முதலில் எதைப் பார்க்கணும்?

கல்கட்டு எழுதியது:

முதலில் வீக்கம். மத்ததெல்லாம் காத்திருக்கும், அது காத்திருக்காது. அந்தச் சுவரை ஒட்டி யாரும் உட்காரவோ படுக்கவோ வேண்டாம். இன்னொரு அதிர்வு வராதுன்னு யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. 1997 செப்டம்பர் 26 அன்று இத்தாலியில் அசிசி தேவாலயத்தில் முதல் அதிர்ச்சியின் சேதத்தைப் பார்க்க உள்ளே போனவங்க மேல, அடுத்த அதிர்ச்சியில் வளைவுக்கூரை விழுந்து 4 பேர் இறந்தாங்க. அதனால முட்டுக் கொடுத்த பிறகுதான் அளவு எடுக்கிற வேலை.

முட்டுக்கு 100 முதல் 125 மி.மீ. சவுக்குக் கட்டை போதும், ஆனா சுவரில் நேரா குத்தக் கூடாது. 50 மி.மீ. பலகையைச் சுவரில் செங்குத்தா வெச்சு, தரையிலிருந்து 60, 65 டிகிரி சாய்வில் கட்டையை அதில் தாங்கணும். அடியில் மண்ணில் புதையாத அகலப் பலகை. கட்டையின் அடியில் மர ஆப்பு வெச்சு மெதுவா இறுக்குங்க. சம்மட்டியால அடிச்சா வீங்கின கல் உள்ளே போகாது, பக்கத்துக் கல்தான் வெளியே வரும்.

அடுத்து, எந்த வெடிப்பு எதனால வந்ததுன்னு பிரிக்கணும். இதைச் செய்யாம எஸ்டிமேட் போடுறவங்களை நம்பாதீங்க. நீங்க சொன்ன மூலை வெடிப்பு மேலே அகலம், கீழே குறுகல். ஒரு சுவர் மத்த சுவரை விட்டு வெளியே சாயுதுன்னு அர்த்தம். அதிர்வு மட்டுமில்லாம ஓட்டுக்கூரையோட கைமரம் (சாய்வா நிற்கிற கூரை மரம்) வெளியே தள்ளினாலும் இதேதான் வரும். ஜன்னல் நடுவில் கீறல் ரெண்டு திசையிலும் ஓடி பெருக்கல் குறி மாதிரி இருந்தா அதிர்வு. ஒரே திசையில் சாய்வா மட்டும் இருந்தா அஸ்திவாரத்தைச் சந்தேகப்படணும். ஏற்காடு மாதிரி சரிவில் பள்ளப் பக்கம் இறங்குறது சாதாரணம். கீறலுக்குள்ளே டார்ச் அடிச்சுப் பாருங்க. விளிம்பு கூரா, உடைஞ்ச கல்லும் காரையும் புது நிறமா இருந்தா புதுசு. உள்ளே வெள்ளையடிச்ச சுண்ணாம்பு, தூசி, சிலந்தி நூல் இருந்தா பழசு. பழசு திரும்பத் திறந்ததா இருக்கவும் வாய்ப்பு உண்டு.

நகருதான்னு பார்க்க கண்ணாடித் துண்டு ஒட்டுறது பழைய வழி. அது உடைஞ்சது தெரியும், எவ்வளவு நகர்ந்ததுன்னு தெரியாது. வெடிப்புக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பித்தளை ஸ்க்ரூ பதிச்சு, வெர்னியர் அளவுகோலால வாரம் ஒருமுறை, எப்பவும் காலையில் ஒரே நேரத்தில் இடைவெளியை அளங்க. வெயிலில் சுவர் விரியும், அதனால நேரம் மாறினா அளவும் ஏமாத்தும். ஒரு மழைக்காலமாவது இதைத் தொடரணும்.

அதிர்வோட நேரம், ஆழம், மையம் தேசிய நில அதிர்வு மையத்தோட இணையதளத்தில் இருக்கும். பக்கத்தில் கல்குவாரி வெடி போட்ட நேரத்தோட ஒத்துப் பார்த்துக்கோங்க.

சிலாப் பற்றி. 125 மி.மீ. கான்கிரீட் சதுர மீட்டருக்கு சுமார் 310 கிலோ. மங்களூர் ஓடு, ரீப்பர் எல்லாம் சேர்த்து 65 கிலோ சுற்றி. 10 x 6 மீட்டர் ஹாலுக்கு 4 டன் இருந்த இடத்தில் பதினெட்டரை டன் ஏறும். அதிர்வு விசை எடைக்கு ஏத்தபடிதான் வரும். எடையைச் சுவரின் உச்சியில் கூட்டிட்டு, கீழே இருக்கிற மண் கலந்த கல்கட்டு அதைத் தாங்கும்னு எதிர்பார்க்க முடியாது. இத்தாலியின் அம்ப்ரியாவில் 1979 நிலநடுக்கத்துக்குப் பிறகு இப்படித்தான் பழைய கல்வீடுகளுக்கு கான்கிரீட் பெல்ட்டும் கனமான கூரையும் போட்டாங்க. 1997-ல் அதில் நிறைய வீடுகளில் பெல்ட்டும் கூரையும் முழுசா இருந்தது, கீழே சுவர்தான் சிதறிப்போச்சு.

நம்ம ஊர் நடுங்காதுன்னு நினைக்கிறவங்களுக்கு: நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 1893-ன் 2016 பதிப்பில் சேலம் நடுத்தர ஆபத்துள்ள மண்டலம் 3. 1900 பிப்ரவரி 8-ல் கோயம்புத்தூர் பக்கம் வந்தது ரிக்டரில் 6 சுமார்.

காப்பித்தோட்டம்:

நன்றிங்க சார். மேற்குச் சுவரில் குண்டுநூல் விட்டுப் பார்த்தோம். உள்பக்கம் நேரா இருக்கு. வெளிப்பக்கம் மட்டும் 45 மி.மீ. தள்ளியிருக்கு. தட்டினா பொத்துனு சத்தம். உள்ளே கிரவுட், அதாவது கூழ் மாதிரிக் காரை, அடிச்சா நிரம்பிடாதா?

கல்கட்டு:

உள்பக்கம் நேரா, வெளிப்பக்கம் மட்டும் தள்ளல்னா சுவர் ரெண்டு தோலா பிரிஞ்சிருக்கு. 1993 செப்டம்பர் 30 மகாராஷ்டிராவின் கில்லாரி நிலநடுக்கத்தில் மண்ணில் கட்டின கல்வீடுகள் விழுந்தது இந்த மாதிரிதான். தடிமன் இருந்தும் ரெண்டு தோலையும் சேர்த்துப் பிடிக்கிற பிணைப்புக்கல் இல்லை.

கிரவுட் வேண்டாம். உள்ளே மண். தண்ணியோட அழுத்திச் செலுத்தினா மண் சேறாகி இறங்கும், வெளித்தோலை இன்னும் தள்ளும். சுண்ணாம்புக் காரையில் கட்டின சுவருக்குத்தான் கிரவுட் சரி. அங்கேயும் கீழிருந்து மேலே, 1 பாருக்கு (ஏறக்குறைய சாதாரணக் காற்றழுத்த அளவு) குறைஞ்ச அழுத்தத்தில்.

இங்கே செய்ய வேண்டியது, வீங்கின பகுதியைப் பிரிச்சுக் கட்டறதும் மிச்ச இடத்தில் பிணைப்பு போடறதும். வெளித்தோலை மேலிருந்து கீழே ஒரு மீட்டர் அகலத்துக்கு மேல ஒரே நேரத்தில் திறக்காதீங்க. ஒவ்வொரு கல்லுக்கும் சாக்பீஸில் எண் போட்டு போட்டோ எடுத்துட்டு எடுங்க. திரும்பக் கட்டும்போது 60 செ.மீ. உயரத்துக்கு ஒன்று, நீளவாக்கில் 1.2 மீட்டருக்கு ஒன்று, சுவரின் முழு தடிமனுக்கும் போகிற கல். இந்த மாதிரிக் கல்கட்டுக்கான தர விதி ஐஎஸ் 13828 சொல்ற இடைவெளி இது. அவ்வளவு நீளமான கல் கிடைக்கலைன்னா ரெண்டு கல்லை நடுவில் தோள் சேர்ற மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வெச்சு பூட்டலாம்.

பிரிக்காத பகுதியில் மீட்டருக்கு ஒன்று, வரிசைக்கு வரிசை அரை மீட்டர் தள்ளி, ஒரு கல்லைச் சுற்றிக் காரையைச் சுரண்டி அசைச்சு எடுங்க. சுத்தியல் கூடாது, சின்னக் கடப்பாரையால நெம்பினா போதும். உள்ளே 75 மி.மீ. துளை, எதிர்ப்பக்கக் கல் வரைக்கும். ரெண்டு முனையும் வளைச்ச 8 மி.மீ. கம்பியை வெச்சு 1:2:4 கான்கிரீட் (சிமென்ட், மணல், ஜல்லி) கையால திணிச்சு, 10 நாள் ஈரச்சாக்கு. வெளியே தெரியாம இருக்க முகப்பில் கல் சில்லு பதிச்சுக்கலாம்.

சுண்ணாம்புக்காளவாய்:

சிமென்ட் பூச்சு பற்றி யாரும் பேசலையே. மலையில் மழையும் மூடுபனியும் சேர்ந்து சுவர் வருஷத்தில் பாதி நாள் ஈரமாத்தான் இருக்கும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அடைச்சுடும். ஈரம் உள்ளேயே நின்று மண் கரையும், உத்தரத்தோட முனை சுவருக்குள்ளே மக்கும். ரெண்டு மூணு வருஷத்தில் பூச்சு பாளம் பாளமா கழன்று வரும், கூடவே கல்லோட முகத்தையும் உரிச்சுக்கிட்டு.

சுண்ணாம்பு வாங்கறப்ப சேலத்தில் ஒரு விஷயம் கவனிங்க. நம்ம பக்கம் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், சுடுற சூளைகளும் உண்டு. மேக்னீசியம் கலந்த சுண்ணாம்பு மெதுவாத்தான் நீர்க்கும். சுவரில் பூசின பிறகு நீர்த்து, பொரி பொரியா வெடிச்சுத் தள்ளும். சங்ககிரி பக்கச் சுண்ணாம்புக்கல்லுன்னாலும் எந்தக் கல்லைச் சுட்டதுன்னு கேட்டு வாங்குங்க. கட்டிச் சுண்ணாம்பைத் தண்ணியில் போட்டா உடனே சீறி கொதிச்சு மாவா உடையணும். சந்தேகம் இருந்தா சின்ன வட்டா தட்டி 3 மணி நேரம் ஆவியில் வெச்சுப் பாருங்க. குழி விழுந்தா அந்த லோடு வேண்டாம்.

நீர்த்ததை 3 மி.மீ. சல்லடையில் சலிச்சு, தண்ணி மூடி ஒரு மாசம் ஊற விடுங்க. இணைப்புக் காரை 1 சுண்ணாம்பு, 1 சுர்க்கி (செங்கல் தூள்), 2 மணல். சுர்க்கிக்கு அதிகம் சுட்ட செங்கல் உதவாது. இளஞ்சூட்டில் வெந்த செங்கல் தூள்தான் சுண்ணாம்போட பிடிக்கும். எம் சாண்ட் போட்டா தூள் போகக் கழுவிடுங்க. கடுக்காய் ஊறின தண்ணியும் வெல்லமும் கலந்தா வழவழன்னு இழுக்கும், தப்பில்லை. மோசமான சுண்ணாம்பை அது காப்பாத்தாது.

இணைப்பில் 25 மி.மீ. ஆழம் கையுளியால சுரண்டுங்க. கட்டிங் மெஷின் வெச்சா கல் விளிம்பு போயிடும். பழைய காரைக்குள்ளே மண் இருக்கறதால ஹோஸ் வேண்டாம், தெளிப்பானால ஈரம் பண்ணினாப் போதும். 10, 12 மி.மீ. ஒரு அடுக்கா திணிச்சு, அது இறுகின பிறகு அடுத்தது. சுண்ணாம்பு வேலையை ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பிக்கவே வேண்டாம். தை முதல் சித்திரை வரைக்கும் செய்யுங்க, ஈரச்சாக்கு வெயிலுக்கு மறைப்பா தொங்கட்டும்.

மரவேலை_சேர்வராயன்:

கல்கட்டு சொன்ன எடைக் கணக்கு சரி. ஆனா மூலை வெடிப்புக்கு என்ன வழின்னு முடிக்கலையே. சுவர்கள் ஒரு பெட்டி மாதிரி சேர்ந்து நிற்கணும், அதுக்குக் கான்கிரீட் பெல்ட் தேவையில்லை. கூரை மட்டத்தில் எதிரெதிர்ச் சுவர்களை 20 மி.மீ. இரும்புக் கம்பியால கட்டி, வெளியே 250 x 250 x 12 மி.மீ. தகடு வெச்சு, நடுவில் கம்பியை இறுக்கற திருகு (டர்ன்பக்கிள்) போடலாம். ஸ்பேனரால கையில் இறுகற அளவுதான். மேல நெம்புகோல் போட்டு முறுக்கினா தகட்டுக்குப் பின்னாடி கல்லே நொறுங்கும். தகடு கல்லின் இணைப்பில் வராம, ஒரு நல்ல கல்லின் மேல உட்காரணும். கம்பி அளவும் எண்ணிக்கையும் உங்க சுவர் நீளத்தைப் பார்த்து பொறியாளர் முடிவு பண்ணணும்.

அதுக்கு முன்னாடி கூரைக்குள்ளே ஏறுங்க. சுவர் தலையில் கிடக்கிற கட்டையை ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க, 10 மி.மீ. சுலபமா இறங்கினா மக்கிப்போச்சு. கைமரம் ஜோடிகளைக் கீழே இழுத்துப் பிடிக்கிற குறுக்கு விட்டத்தைப் பாருங்க, அதன் முனை கறையான் தின்னிருந்தா மூலை வெடிப்புக்குப் பாதிக் காரணம் அங்கேயே இருக்கு. முனையை வெட்டி, அதே மரத்தில் துண்டு சேர்த்து போல்ட் போட்டாப் போதும், முழு விட்டத்தையும் மாத்த வேண்டாம். கட்டையைச் சுவரோட பிடிக்க ரெண்டு மீட்டருக்கு ஒரு இரும்புப் பட்டை, சுவருக்குள்ளே 60 செ.மீ. இறங்கணும்.

பின்கட்டு மெட்ராஸ் டெரஸில் மேல் ஓடு கழன்று தண்ணி இறங்கியிருந்தா, தேக்கு உத்தரத்தின் சுவர் முனையை அதே மாதிரி குத்திப் பாருங்க. டெரஸ் மேல் தார்ஷீட் போட்டு அடைக்கிற யோசனை யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. மேல இருக்கிற ஈரம் கீழேதான் இறங்கும்.

காப்பித்தோட்டம்:

முட்டு நாளைக்கே கொடுத்துடறோம். மேற்குச் சுவர் பள்ளப் பக்கம்தான், கூரைத் தண்ணி விழற இடமும் அதே.

கல்கட்டு:

அப்போ கல்லைத் தொடறதுக்கு முன்னாடி தண்ணியைத் திருப்புங்க. கூரை விளிம்பில் தண்ணி ஓடுற தகட்டு வாய்க்கால் வெச்சு, சுவரிலிருந்து ரெண்டு மீட்டராவது தள்ளி விடணும். சுவரடியில் மண் மட்டம் உள்தரையை விட 15 செ.மீ. தாழ்வா, வெளிநோக்கிச் சரிவா இருக்கட்டும். ஒரு குழி தோண்டி அஸ்திவாரக் கல்லின் அடியைப் பாருங்க. அடியில் மண் அரிச்சு வெற்றிடம் தெரிஞ்சா போட்டோ போடுங்க, மேல்சுவரைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி அதைத்தான் அடைக்கணும். பள்ளப்பக்கம் தாங்குசுவர் இருந்தா அதில் தண்ணி வடிகிற துளைகள் அடைஞ்சிருக்கான்னும் பாருங்க.