இமாவாரியில் ஓர் இடம், இன்சாட்டில் வேறோர் இடம்: தாழ்வு மண்டலத்தின் மையம் எங்கே?

பொங்கோல்_வானம்:
வணக்கம். இலங்கைக்குக் கிழக்கே, ஏறத்தாழ 9 வடக்கு 84 கிழக்கில் இருக்கும் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். மூன்று இடங்களில் குழப்பம்.

ஜப்பானின் இமாவாரி செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படத்தில் மேகத்திரள், இந்தியாவின் இன்சாட்-3டிஆர் படத்தில் உள்ளதைவிட 30 கிலோமீட்டர் மேற்கே தள்ளித் தெரிகிறது. இரண்டும் ஒரே நேரத்துப் படங்கள், சரிபார்த்துவிட்டேன். அடுத்து, சிங்கப்பூர் நேரம் காலை 6 மணி வாக்கில் மேக உச்சி மைனஸ் 85 டிகிரிக்குப் போய்த் திரள் பெரிதாகப் பரந்தது. இப்போது பிற்பகலில் பாதியாகச் சுருங்கிவிட்டது. வலுவிழக்கிறதா? ஆனால் இந்திய வானிலைத் துறை அறிக்கை புயலாக மாறும் என்றே சொல்கிறது. கடைசியாக, அமெரிக்கக் கணிப்பு மாதிரியான ஜிஎஃப்எஸ் இதைச் சென்னைப் பக்கம் கொண்டுபோகிறது, ஐரோப்பிய மாதிரி நாகப்பட்டினப் பக்கம். எதை எடுத்துக்கொள்வது?

கிழக்குக்கரை_காற்று:
முதல் குழப்பத்துக்குக் காரணம் பார்வைக் கோணம். இமாவாரி 140.7 கிழக்கில் நிற்கிறது. அங்கிருந்து வங்கக்கடல் உருண்டையின் விளிம்பு. 84 கிழக்கில் உள்ள மேகத்தை அது செங்குத்திலிருந்து 65 டிகிரிக்கும் மேல் சாய்ந்து பார்க்கிறது. 15 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் மேக உச்சியை அந்தச் சாய்வில் கடல்மட்டத்தில் வைத்து வரைந்தால் 30 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக மேற்கே போய் விழும். இன்சாட்-3டிஆர் 74 கிழக்கில், கிட்டத்தட்ட தலைக்கு மேலே இருப்பதால் அதில் பிழை நாலைந்து கிலோமீட்டர்தான். தென்சீனக் கடலுக்கு இமாவாரி, வங்கக்கடலில் இடம் குறிக்க இன்சாட். இமாவாரியின் பலம் 10 நிமிடத்துக்கு ஒரு படம் என்பது. அசைவைப் பார்க்க அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்த அட்சரேகையில் மேலடுக்குக் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வரும். அது மேகத்தை மேற்கே தள்ளிவிட்டு, கீழ்மட்டச் சுழற்சியைக் கிழக்கே தனியாக விட்டுவிடும். மேகத்தின் நடுவை மையம் என்று குறித்தால் ஏற்கெனவே மேற்கே தப்பு. அதன்மேல் இமாவாரிக் கோணப்பிழையும் மேற்கே. இரண்டும் ஒரே திசையில் கூடிக்கொள்வதால் புயல் உண்மையில் இருப்பதைவிட 80, 100 கிலோமீட்டர் கரைப் பக்கம் நெருங்கிவிட்டதாகத் தோன்றும். மேகத்தை விட்டுவிட்டு முதலில் மையத்தைப் பிடியுங்கள்.

பிடிக்கும் வழி: பகல் வெளிச்சத்தில் எடுக்கும் கட்புலப் படம். சிங்கப்பூர் நேரம் காலை 9 முதல் 10 வரை அங்கே சூரியன் தாழ்வாக இருக்கும். தாழ்மேகக் கோடுகள் நிழலோடு தெளிவாகத் தெரியும். மாலை 6 முதல் 7 வரை இன்னொரு வாய்ப்பு. ஒரு மணி நேரப் படங்களை ஓட்டிப்பார்த்து, சிறிய தாழ்மேகங்கள் எந்தப் புள்ளியைச் சுற்றுகின்றன என்று பாருங்கள். வெள்ளைத் திரளைப் பார்க்கவே வேண்டாம்.

இரண்டாவது குழப்பம் தினசரி ஏற்றஇறக்கம். கடல்மேல் இடிமேகம் விடியலுக்கு முன் உச்சத்துக்குப் போகும், பிற்பகலில் அடங்கும். அங்கே விடிகாலை 3.30 என்றால் நமக்குக் காலை 6. நீங்கள் பார்த்தது அதுதான். எனவே இன்று காலை 6 மணிப் படத்தை நேற்று காலை 6 மணிப் படத்தோடு ஒப்பிடுங்கள், காலையை மாலையோடு ஒப்பிடாதீர்கள். மேகத்தின் வடிவத்தை வைத்துப் புயலின் வலிமையை 'டி எண்' ஆகக் கணிக்கும் டுவோராக் முறையிலும் இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: உருவான முதல் 48 மணி நேரத்தில் இரவில் டி எண்ணைக் குறைக்கக்கூடாது.

தெம்பனிஸ்_மழைமானி:
டி எண் பேச்சு வந்ததால் சுருக்கமாக. வளைந்த மேகப்பட்டை மையத்தை எவ்வளவு சுற்றியிருக்கிறது என்று பாருங்கள். பாதிச் சுற்று என்றால் டி 2.5, அதாவது 35 நாட் (மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர்). இந்திய வானிலைத் துறை 34 நாட்டில் புயல் என்று அறிவிக்கும். முக்கால் சுற்றை ஒட்டினால் டி 3.0, 45 நாட். முழுச் சுற்றை எட்டினால் டி 3.5, 55 நாட்; அது தீவிரப் புயல். மையம் திரளுக்கு வெளியே அரை டிகிரி, அதாவது 55 கிலோமீட்டர் தள்ளி வெறுமையாகக் கிடந்தால், மேகம் எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் 2.5-க்கு மேல் கொடுக்காதீர்கள். புதியவர்கள் தவறுவது இங்கேதான்: மைனஸ் 85 டிகிரி என்றதும் 3.5 போட்டுவிடுகிறார்கள்.

இரவில் நுண்ணலைப் படம் வேண்டும். 89 கிகாஹெர்ட்ஸ் பனித்துகள் உள்ள உயர் இடிமேகத்தைக் காட்டும். 37 கிகாஹெர்ட்ஸ் அதற்குக் கீழே உள்ள மழையைக் காட்டும். 37-இல் மையத்தைச் சுற்றி வளையம் மூடியிருந்தால் அடுத்த 24 மணி நேரத்தை மிகக் கவனமாகப் பாருங்கள், வேகமாக வலுப்பெற அது நல்ல அறிகுறி. இரண்டு அலைவரிசையிலும் மையம் வேறு வேறு இடத்தில் இருந்தால் சுழல் சாய்ந்திருக்கிறது, காற்று முறிவு (உயரத்துக்கு உயரம் காற்று மாறுவது) வேலை செய்கிறது.

கடல்மேல் காற்றுக்கு மெட்டாப் செயற்கைக்கோளின் ஆஸ்காட் என்ற காற்றளவிக் கருவி. நமக்கு நண்பகலை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும் அந்தப் பகுதியைக் கடக்கும். படம் இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வரும். அது அளக்கும் இரண்டு பட்டைகளுக்கு நடுவே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் இடைவெளி உண்டு. மையம் அதில் விழுந்துவிட்டால் அன்றைய கடப்பு வீண். விளிம்புக் காற்றை வைத்து "20 நாட்தான்" என்று எழுதிவிடக்கூடாது.

வின்டி இணையதளத்தில் தெரியும் காற்றோட்டம் மாதிரியின் கணிப்பு, அளந்த காற்று இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி அலுத்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

கிழக்குக்கரை_காற்று:
கரைக்கு 250 கிலோமீட்டருக்குள் வந்ததும் காரைக்கால், சென்னை ரேடார்களைத் திறப்பீர்கள். ஆனால் அரை டிகிரி சாய்வில் போகும் கற்றை அந்தத் தொலைவில் கடல்மட்டத்திலிருந்து 6 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கே தெரியும் சுழி நடுவளிமண்டலச் சுழி. 100 கிலோமீட்டருக்குள் வந்த பிறகுதான் தரைமட்ட மையம் என்று நம்பலாம்.

மூன்றாவது கேள்விக்கும் விடை வலிமையில்தான் இருக்கிறது. வலுவில்லாத சுழலை 850, 700 ஹெக்டோபாஸ்கல் மட்டக் காற்று (ஏறத்தாழ ஒன்றரை, மூன்று கிலோமீட்டர் உயரம்) மேற்கே தள்ளும். உயர்ந்து வளர்ந்த சுழலை மேலடுக்குகளும் சேர்ந்து நகர்த்தும், அது வடக்கே ஏற வாய்ப்பு அதிகம். எனவே இரண்டு மாதிரிகளின் முடிவை விட்டுவிட்டுத் தொடக்கத்தைப் பாருங்கள்: பூஜ்ய மணியில் மையம் எங்கே, அழுத்தம் எவ்வளவு, இன்சாட்டில் நீங்கள் பிடித்த மையத்துக்கு எது நெருக்கம். தொடக்கத்திலேயே 60 கிலோமீட்டர் தப்பாக வைத்திருக்கும் மாதிரியைக் கரையில் நம்ப வேண்டாம். இரண்டு மாதிரியிலும் ஒரே நேரத்தில் தொடங்கிய கணிப்புச் சுற்றை ஒப்பிடுவதும் முக்கியம். 00 யுடிசி (உலகப் பொது நேரம்) என்பது நமக்குக் காலை 8 மணி, ஜிஎஃப்எஸ் 11.30-லிருந்து வரத் தொடங்கும், ஐரோப்பிய மாதிரிக்கு 2 மணிக்கு மேல் ஆகும். நடுவில் பார்த்தால் இன்றைய ஜிஎஃப்எஸ்ஸை நேற்றிரவு ஐரோப்பிய மாதிரியோடு மோதவிட்டுக்கொண்டிருப்பீர்கள். ஒற்றைக் கோட்டைவிட ஐரோப்பிய மாதிரியைச் சற்றே மாறிய தொடக்கங்களோடு பலமுறை ஓட்டிய தொகுப்பின் 51 தடங்கள் எவ்வளவு விரிந்திருக்கின்றன என்பதே கூடுதல் செய்தி.

மழைக்கும் வலிமைக்கும் முடிச்சுப் போடாதீர்கள். 2024 நவம்பர் 30 புதுச்சேரி அருகே கரைகடந்த ஃபெஞ்சல் தீவிரப் புயலாகக்கூட ஆகவில்லை. கரையேறி நகராமல் நின்றதால் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 50 சென்டிமீட்டரைத் தாண்டியது. ஊரில் இருப்பவர்களுக்குச் செய்தி அனுப்பும்போது "புயல் பலவீனம், பயமில்லை" என்று எழுதுவது ஆபத்து.

ஈசூன்_கூதிர்:
இதனால் சிங்கப்பூருக்கு ஏதும் உண்டா? அமெரிக்கக் கூட்டுப் புயல் எச்சரிக்கை மையம் இந்தியத் துறையைவிட எப்போதும் கூடுதல் வேகம் சொல்வது ஏன்?

தெம்பனிஸ்_மழைமானி:
இங்கிருந்து 2,300 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. நேரடியாக ஒன்றும் இல்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிப் புவிச் சுழற்சியால் வரும் விசை மிகக் குறைவு என்பதால் நம் பக்கம் புயல் உருவாவதே அரிது. ஆனால் நடக்காது என்றில்லை. 2001 டிசம்பரில் தென்சீனக் கடலின் குளிர்காற்றுப் பெருக்கும் போர்னியோ சுழலும் சேர்ந்து 1.5 வடக்கு அருகே வாமெய் புயல் உருவாகி, 27-ஆம் தேதி ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது.

உங்கள் இரண்டாம் கேள்விக்கும் வாமெய் உதாரணம். ஜப்பான் அதை வெப்பமண்டலப் புயல் என்ற அளவிலேயே நிறுத்தியது, அமெரிக்கக் கூட்டு மையம் டைஃபூன் என்றது. அதில் மதிப்பீட்டு வேறுபாடே பெரிது. ஆனால் சராசரி நேரமும் சேரும். அமெரிக்கர்கள் 1 நிமிடச் சராசரி, இந்தியா 3 நிமிடம், ஜப்பான் 10 நிமிடம். கடல்மேல் 10 நிமிட அளவு 1 நிமிட அளவைவிட 7 முதல் 12 சதவீதம் குறைவாக வரும். பட்டியல் போடும்போது எந்த நிறுவனம் என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

பொங்கோல்_வானம்:
மாலை 6.30 இன்சாட் கட்புலப் படத்தில் தாழ்மேகச் சுழி கிடைத்துவிட்டது: 9.2 வடக்கு, 84.5 கிழக்கு. திரளின் கிழக்கு ஓரத்துக்கு வெளியே 40 கிலோமீட்டர். பட்டை பாதிச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. ஐரோப்பிய மாதிரியின் தொடக்கம் இதற்கு 20 கிலோமீட்டருக்குள், ஜிஎஃப்எஸ் 70 கிலோமீட்டர் வடமேற்கே.

கிழக்குக்கரை_காற்று:
அப்படியானால் டி 2.0-க்கும் 2.5-க்கும் இடையே, ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்ற அறிக்கை சரிதான். இந்த நிலையில் 6 மணி நேரத்துக்கு 0.5-க்கு மேல் ஏற்றாதீர்கள். நள்ளிரவு ஆஸ்காட், விடிகாலை 37 கிகாஹெர்ட்ஸ், காலை 9 மணிக் கட்புலப் படம். திரள் மையத்தின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். உட்கார்ந்திருந்தால் வடக்குத் தடத்துக்கு மறுபடி மதிப்பு கொடுக்க வேண்டியிருக்கும்.