பத்தாம் வகுப்பு கிராஃப்: வாட்ஸ்அப்ல கணக்கு போட்டா காப்பிதான் திரும்பி வருது, நீங்க என்ன பண்றீங்க?

சாக்பீஸ்டப்பா (கேள்வி)

வணக்கம். தர்மபுரி மாவட்டத்துல ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில கணக்கு எடுக்கிறேன். பத்தாம் வகுப்புல 34 பிள்ளைங்க. ஜூலையில ஆர்வக்கோளாறுல ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பிச்சேன். தினம் ஒரு கணக்கு, ராத்திரிக்குள்ள போட்டோ எடுத்து அனுப்பணும். முதல் வாரம் ஜோரா போச்சு.

போன வாரம் x² + x − 6 = 0 சமன்பாட்டை வரைபடம் மூலம் தீர்க்கச் சொன்னேன். முதல்ல அனுப்பினவன் −3 இன் வர்க்கத்தை −9 னு எடுத்துட்டான். y மதிப்பு 0 வரவேண்டிய இடத்துல −18. வளைவரை நடுவுல திடீர்னு கிணத்துல விழுந்து ஏறி வருது. அடுத்த நாள் நோட்டைத் திருத்தினா 21 நோட்டுல அதே கிணறு, அதே −18! ஒருத்திக்குக்கூட "பரவளையம் (x² வர்ற சமன்பாட்டோட வளைவரை) இப்படி இருக்காதே"ன்னு தோணலை. எனக்குக் கோவத்தைவிட வெட்கமா இருந்துச்சு. ஒன்றரை மாசமா எதைச் சொல்லிக்கொடுத்தேன்?

இன்னொரு சிக்கல், போன் எல்லாம் அப்பா அம்மாவோடது. சில வீட்டுல ராத்திரி எட்டரைக்கு மேலதான் கைக்கு வரும். கட்டட வேலைக்குப் போற வீட்டுல போனும் பெங்களூரு போயிடும். ரெண்டு பொண்ணுங்களோட அம்மா வேற, குழுவுல எங்க நம்பர் எல்லாருக்கும் தெரியுதேன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி.

என்கிட்ட சொந்தமா ஒரு டேப் இருக்கு, அதுல வரைபடம் வரைஞ்சு காட்டுற ஜியோஜீப்ரா செயலி இருக்கு. ஆனா பரீட்சையில எட்டு மார்க் கேள்விக்குக் கிராஃப் தாளும் பென்சிலும்தானே? குழுவை மூடிடலாமா, டேப்பை எங்க, எப்படிக் காட்டுறதுன்னு அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

நெல்லைவாத்தியார்

மேடம், 28 வருஷ சர்வீஸ். காப்பியை வாட்ஸ்அப் கொண்டுவரல. முன்னாடி காலை ப்ரேயர் மணிக்கு முன்னால வேப்பமரத்தடியில நடந்துது, இப்ப ராத்திரி ஒன்பது மணிக்கு நடக்குது, அவ்வளவுதான். எல்லாருக்கும் ஒரே கணக்கைக் குடுத்தா ஒரே விடைதான் வரும்.

நான் பண்றது இதுதான். வருகைப் பதிவேட்டு எண்ணோட கடைசி இலக்கத்தை d னு வெச்சுக்கச் சொல்லுவேன். கணக்கு: x² + (2 − d)x − 2d = 0. அஞ்சாம் நம்பர் பையனுக்கு x² − 3x − 10 = 0. பத்தாம் நம்பருக்கு x² + 2x = 0. 34 பேருக்கு மொத்தமே பத்து கணக்கு. விடை உங்களுக்கு மனசுலயே தெரியும், எப்படின்னு நீங்களே பாத்துக்கோங்க. ஒரே இலக்கம் வர்ற மூணு நாலு பேர் மட்டும் ஒப்பிட்டுப் பாக்கலாம், அது காப்பி இல்ல, கலந்து பேசுறது. ஒன்பது வந்தவங்களுக்கு மட்டும் y அச்சுல 1 செ.மீ = 5 அலகுன்னு எடுக்கச் சொல்லுங்க, இல்லேன்னா தாள் பத்தாது.

போன் இல்லாத பிள்ளைக்கும் இது ஓடும். சாயங்காலம் போர்டுல ஒரு வரி எழுதிட்டு வந்தா போதும்.

டேப்பை எடுக்கிறது கையால வரைஞ்சு முடிச்ச பிறகுதான். முதல்லயே காட்டினா சினிமா பாத்த மாதிரி பாத்துட்டுப் போயிடும். இது என் பிடிவாதம், மத்தவங்க வேற சொல்லலாம்.

---

பரவளைவு

ரீச்சர், நான் இலங்கையில, வன்னியில படிப்பிக்கிறன். இஞ்சையும் சாதாரண தர (ஓ/எல்) பரீட்சையில கணிதம் இரண்டாம் பத்திரத்தில சார்பு வரைபு வரும். அட்டவணையில ஒரு y பெறுமானத்தை விட்டிருப்பினம், அதைக் கண்டுபிடிச்சு வரையவேணும். உங்கட பிள்ளையள் விட்ட அதே −3 வர்க்கப் பிழைதான் இஞ்சையும்.

அந்தக் கிணத்துப் படத்தை அழிக்காதேங்கோ, அதுதான் உங்கட நல்ல பாடம்! பேர் தெரியாமல் வெட்டிப்போட்டுத் திரும்ப அனுப்புங்கோ, "இதில எந்தப் புள்ளி பிழை, ஏன்?" எண்டு. விடையை எழுதி அனுப்ப விடாதேங்கோ. அரை நிமிசக் குரல் பதிவு, அதுவும் உங்களுக்குத் தனியா. எழுத்தைக் கொப்பியடிக்கலாம், சொந்தக் குரலில விளங்காததைச் சொல்லேலாது. முதல் நாள் வெட்கத்தில ஆறு பேர்தான் எனக்கு அனுப்பினவை. வகுப்பில வாய் திறக்காத ஒரு பிள்ளை ஆகத் தெளிவாச் சொல்லியிருந்தாள்.

---

டேப்தாத்தா

நம்பர் பிரச்சனைக்குக் குழுவுக்குப் பதிலா பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்க மேடம். 256 பேர் வரைக்கும் சேர்க்கலாம், ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்குத் தெரியாது, பதில் உங்களுக்கு மட்டும் வரும். ஆனா உங்க நம்பரை அவங்க போன்ல சேமிச்சிருந்தாத்தான் செய்தி போய்ச் சேரும். பெற்றோர் கூட்டத்துலயே சேமிக்க வெச்சிடுங்க.

ஜியோஜீப்ராவை ஒருதடவை இறக்கிட்டா நெட் வேண்டாம். நெல்லை சார் சொன்ன கணக்கையே y = (x − d)(x + 2) னு தட்டிப் பாருங்க. d க்கு ஒரு ஸ்லைடர் தானா வரும். விரலால இழுத்தா வளைவரை நகரும். (2001ல சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துல மார்கஸ் ஹோகென்வார்ட்டர் முதுகலைப் படிப்புக்காக ஆரம்பிச்ச வேலை இது. ஜியோமெட்ரியும் அல்ஜீப்ராவும் சேர்ந்ததுதான் பேரே.)

தீர்வுகளின் தன்மைக்கு y = x² − 4x + c போடுங்க. c = 3 ன்னா x அச்சை ரெண்டு இடத்துல வெட்டும், 4 ன்னா தொட்டுட்டு நிக்கும், 5 ன்னா மேல தூக்கிக்கும். தன்மைக்காட்டி (b² − 4ac), இங்க 16 − 4c, எப்ப பூஜ்ஜியம்னு நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே யாராவது சொல்லிடுவாங்க. ஒன்பதாம் வகுப்பு எடுத்தீங்கன்னா முக்கோணத்தோட செங்கோட்டு மையத்தை (மூணு முனையிலிருந்தும் எதிர்ப்பக்கத்துக்கு வரையிற செங்குத்துக் கோடுங்க சந்திக்கிற புள்ளி) இப்படி இழுத்துக் காட்டுங்க. செங்கோண முக்கோணத்துல அது செங்கோண முனைக்கே வந்து உக்காரும், விரிகோணமானா வெளிய ஓடிடும். போர்டுல இதைக் காட்ட ஒரு பீரியட் பத்தாது.

---

சாக்பீஸ்டப்பா

எட்டு நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும், காலாண்டுத் தேர்வு வேலை.

குழுவை மூடிட்டேன். பிராட்காஸ்ட்ல 26 பேர் சேர்ந்தாங்க, மிச்ச 8 பேருக்குப் போர்டுதான். கிணத்துப் படத்துக்கு 11 குரல் பதிவு வந்துச்சு. ஒண்ணுல பின்னாடி ஆடு கத்துற சத்தம், நடுவுல "மைனஸை அடைப்புக்குள்ள போடாம விட்டுட்டான் மிஸ்". முதல்ல தப்பு பண்ணினதே அவன்தான்!

நெல்லை சாரோட கணக்கைப் போர்டுல எழுதிட்டு வந்தேன். மறுநாள் 34 தாளையும் சுவத்துல ஒட்டினோம். முழுசா சரின்னு சொல்ல முடியாது, ஒன்பது தாளுல அளவுத்திட்டமே எழுதலை. ஆனா கடைசி பெஞ்சுப் பையன் ஒருத்தன் எழுந்து, "மிஸ், எல்லாருக்கும் −2 வருது, நீங்க ஏமாத்துறீங்க"ன்னான். அப்பதான் டேப்பை எடுத்தேன். ஸ்லைடரை இழுக்க இழுக்க வளைவரை அலையுது, −2 ல மட்டும் கீல் அடிச்ச கதவு மாதிரி புடிச்சுக்கிட்டு நிக்குது. ஒரே சத்தம். பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பாத்துட்டுப் போனார்.

"3 ல கீல் அடிக்க முடியுமா?"ன்னு அதே பையன் கேட்டான். நான் பதில் சொல்லலை, சாக்பீஸைக் குடுத்தேன். மூணு தடவை அழிச்சான். மணி அடிச்சு எல்லாரும் சாப்பாட்டுத் தட்டோட வெளிய போனப்புறம் போர்டுல x² − (d + 3)x + 3d இருந்துச்சு.