பைக் மீனுக்குக் கட்டும் பெரிய ஃப்ளை ஒரே கடியில் குலைகிறது, வாலும் முள்ளில் சுற்றிக்கொள்கிறது: எங்கே தவறு?

கேள்வி

வணக்கம். சிறு மீன்களுக்கான ஃப்ளைகளை (தூண்டில் முள்ளில் இறகும் முடியும் கட்டிச் செய்யும் செயற்கை இரை) நானே கட்டி நான்கு ஆண்டுகளாக ஈத்தூண்டில் போட்டு வருகிறேன். 12, 14 ஆம் எண் சிறு முள்களில் கட்டியவை முள் துருப்பிடிக்கும் வரை உழைத்திருக்கின்றன. அந்தத் துணிச்சலில் இந்தப் பருவத்தில் பைக் மீனுக்கு (வண்டி அல்ல, வாத்தின் அலகு போல் தட்டையான நீண்ட வாயும் அது நிறையப் பற்களும் கொண்ட நன்னீர் வேட்டை மீன்) ஃப்ளை கட்டத் தொடங்கினேன். 4/0 என்ற பெரிய முள்ளில் வாலுக்கு ஆறு நீளச் சேவல் இறகுகள், அவற்றின் மேல் ஒரு முயல்தோல் பட்டை, தலைக்கு மான்வால் முடி, இடையிடையே மினுக்கு இழை என மொத்தம் 20 செ.மீ. நீளம் வருகிறது. கட்டுநூல் நான் வழக்கமாகப் பயன்படுத்தும் 70 டெனியர். கோலும் ஃப்ளை லைனும் (ஃப்ளையை வீசுவதற்கான கனமான கயிறு) 9 ஆம் எடை வகை.

ஒரு மீன் கடித்துவிட்டால் போதும், தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வருகிறது. மிஞ்சியதும் முள்ளின் தண்டைச் சுற்றி உருளுகிறது. நான்கைந்து வீச்சுக்கு ஒருமுறை வால் முள்ளின் வளைவில் சுற்றிக்கொள்வதால், ஃப்ளை நீந்தாமல் சருகு போலப் பக்கவாட்டில் இழுபட்டு வருகிறது. இவை போதாதென்று, கடித்த ஏழு மீன்களில் ஐந்து, கோலை உயர்த்திய சில நொடிகளிலேயே விடுபட்டுப் போயின. முடிவில் விப் ஃபினிஷ் (கட்டுநூலை முடிக்கும் முடிச்சு) போட்டு வார்னிஷும் பூசுகிறேன். கட்டும் கையில் குற்றமா, எடுத்த பொருளில் குற்றமா என்று பிடிபடவில்லை.

முதல் பதில்

நண்பரே, குலைந்துபோன ஃப்ளையை எறிந்துவிடாதீர்கள். கழன்று வந்த முடியில் ஒரு பத்தை எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பி, அடிப்பக்கத்தைப் பாருங்கள். கத்தரிக்கோல் வெட்டிய நேரான முனையோடு முழு முடியாக வந்திருந்தால், அது நூலின் பிடி போதாமல் உருவிக்கொண்டு வந்தது. நடுவில் அறுந்திருந்தால் அது பல்லின் வேலை. அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. கட்டுநூலே அறுந்து பிரிந்திருந்தால் தலையின் மேல்பூச்சு போதவில்லை என்று பொருள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு என்பதால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு எவ்வளவு முடி எடுத்து வைக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

கேட்டவர்

பார்த்தேன் ஐயா. பத்தில் எட்டு முடிகள் வெட்டுமுனையோடு முழுதாக இருக்கின்றன. நூல் அழுத்திய தடம்கூட அவற்றில் பெரும்பாலானவற்றில் இல்லை. கட்டுநூல் அறுபடவில்லை. முடியைப் பென்சில் பருமனுக்கு எடுத்து, தண்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டே கொத்துகளில் தலையை முடித்துவிடுகிறேன்.

முதல் பதில் அளித்தவர்

நூல் தடம் இல்லை என்றீர்களே, அதுதான் விடை. பென்சில் பருமனுள்ள கொத்தில் வெளிச்சுற்றில் இருக்கும் முடியை மட்டுமே நூல் கடிக்கிறது. உள்ளே இருப்பவை ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றனவே தவிர, எதுவும் கட்டப்படவில்லை. மீன் வாயைப் பூட்டித் தலையை உதறும்போது உள்முடி முதலில் நழுவுகிறது, அது விட்டுப்போன இடத்தில் சுற்று தளர்ந்து வெளிமுடியும் பின்னாலேயே வந்துவிடுகிறது. சிறு ஃப்ளையில் இப்படி நேராததற்குக் காரணம், அங்கே நீங்கள் வைக்கும் முடியே பத்துப் பதினைந்துதான்.

ஆகவே ஒரு கொத்தைத் தீக்குச்சி பருமனுக்கு மேல் எடுக்காதீர்கள். அதே அளவு முடியை ஆறு அல்லது எட்டுக் கொத்துகளாகப் பிரித்து, தண்டைச் சுற்றி இடம் மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுக்குங்கள். முதல் இரண்டு சுற்றுகளைத் தளர்வாகப் போட்டு, மூன்றாவது சுற்றில் பாபினை (நூல் சுருளைத் தாங்கும் கருவி) நேராகக் கீழே இழுங்கள். எடுத்த உடனேயே இறுக்கினால் கொத்து தண்டைச் சுற்றி ஓடிவிடும். மான்வாலின் அடிப்பகுதியில் வளரும் முடி உள்ளே காற்றறைகள் கொண்டது, இறுக்கினால் குடை போல விரியும். நுனிப்பகுதி முடி அவ்வளவாக விரியாது. தலைக்கு அடிமுடி, வாலை ஒட்டிய இடத்துக்கு நுனிமுடி என்று வைத்துக்கொண்டால் பருமனுக்காக முடியை அள்ளிப் போட வேண்டியிராது.

இப்படி இறுக்குவதற்கு உங்கள் நூல் தாங்காது. 9,000 மீட்டர் நூலின் எடை கிராமில் எத்தனையோ அதுதான் டெனியர். 70 டெனியர் சிறு முள்ளுக்கு உரிய மெல்லிழை. அது அறுந்துவிடும் என்ற அச்சத்தில் கை தானாகவே தளர்த்திப் பிடிக்கிறது, நமக்கே தெரியாமல். 200 டெனியர் ஜெல்-ஸ்பன் நூலுக்கு மாறுங்கள். கை வலிக்க இழுத்தாலும் அறாது. ஆனால் அது பாலிஎத்திலீன் என்பதால் வழுக்கும், பசையையும் எளிதில் ஏற்காது. மெழுகு தடவிக்கொள்ள வேண்டும். தலை உருளுவதற்கு மருந்து தண்டிலேயே இருக்கிறது. உலோகம் கண்ணுக்குத் தெரியாதபடி சாதாரண பாலியெஸ்டர் நூலை நெருக்கமாகச் சுற்றி, ஒரு துளி சூப்பர் க்ளூ இட்டு, அது காய்வதற்குள் முதல் கொத்தை அதன்மேல் அமர்த்துங்கள். அடுத்த கொத்துகளுக்கும் அடியில் ஒவ்வொரு துளி இடுங்கள்.

இரண்டாம் பதில்

வால் சுற்றுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. சேவல் இறகின் நடுத்தண்டு நனைந்தால் துவண்டுவிடும். முள்ளின் வளைவுக்குப் பின்னால் 12, 13 செ.மீ. அளவுக்குத் துவளும் பொருள் எந்தத் தாங்கலும் இன்றித் தொங்கினால், பின்வீச்சு முடிந்து ஃப்ளை திசைமாறும் அந்த நொடியில் அது மடிந்து முள்ளில் மாட்டத்தான் செய்யும். வளைவு தொடங்கும் இடத்தில், இறகுகளுக்கு முன்பாகவே, மெல்லிய மான்வால் கொத்து ஒன்றை 7 செ.மீ. நீளத்துக்குக் கட்டி, அதன்மேல் இறகுகளைப் படுக்க வையுங்கள். அதுவும் போதாதென்றால், அரை மில்லிமீட்டர் பருமனுள்ள விறைப்பான தூண்டில் நரம்பில் ஒரு சிறு வளையம் செய்து, வளைவைச் சற்றே தாண்டி நீளும்படி தண்டின் கிடைமட்டத்தில் கட்டிவிடுங்கள். இறகுகள் அந்த வளையத்தின் மேல் உட்காரும்.

முயல்தோலை நான் சந்தேகிக்கிறேன். நீரில் அதன் அசைவுக்கு ஈடு இல்லை, ஆனால் அது பஞ்சு போல நீரைக் குடிக்கும். ஃப்ளையைக் காய்ந்த நிலையிலும், ஒரு நிமிடம் ஊறவைத்து உதறிய பிறகும் எடை போட்டுப் பாருங்கள்.

கேட்டவர்

காய்ந்த நிலையில் 4 கிராம், நனைந்தபின் 11 கிராம். நானே நம்பவில்லை, இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

இரண்டாம் பதில் அளித்தவர்

ஈத்தூண்டிலில் ஃப்ளை தன் எடையால் பறப்பதில்லை, லைனின் எடை அதைச் சுமந்து செல்கிறது. 9 ஆம் எடை லைனின் முதல் 30 அடிக்கு வகுக்கப்பட்ட எடை 240 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 15.5 கிராம், 10 ஆம் எடைக்கு 280 கிரெய்ன், 18 கிராம். பைக்கிற்கென்று வரும் லைன்களில் முன்பகுதியை இதைவிடக் கனமாகவே செய்கிறார்கள் என்றாலும், சுமப்பவனின் எடையில் பாதிக்கு மேல் சுமை இருந்தால் வீச்சின் முடிவில் லைன் விரியாமல் சரிந்து விழும். அந்தச் சரிவில்தான் உங்கள் வால் மடிகிறது. முயல்தோலை நீக்கிவிட்டு அதன் இடத்தில் நீளமான மான்வால் முடியும் மினுக்கு இழையும் வையுங்கள். கோலை மாற்ற வேண்டியதில்லை.

மூன்றாம் பதில்

மேலே சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், பசையைத் தவிர. நீர்த்த சூப்பர் க்ளூ முடியின் இடுக்குகளில் தானே ஏறிச் செல்லும். ஒவ்வொரு கொத்துக்கும் இட்டால் தலை துடைப்பக்கட்டை போல விறைத்துவிடும். நான் ஒன்றுவிட்டு ஒரு கொத்துக்குத்தான் இடுகிறேன், அதையும் ஊசிமுனையில் எடுத்து நூலின்மேல் வைக்கிறேன்.

விடுபட்டுப்போன ஐந்து மீன்களுக்கு வருகிறேன். கோலை உயர்த்தியதாக எழுதியிருக்கிறீர்கள். அது சிறு மீனுக்குப் பழகிய கை. பைக் இரையைப் பெரும்பாலும் குறுக்காகக் கவ்விப் பிடித்து, பிறகுதான் தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கும். கவ்விய நிலையில் நீங்கள் கோலை உயர்த்தினால், கோலின் மெல்லிய நுனி வளைந்து உங்கள் விசையை விழுங்கிவிடுகிறது. முள் அந்த எலும்புத் தாடையில் ஏறுவதற்கு முன் ஃப்ளை வாயிலிருந்து வழுக்கி வந்துவிடுகிறது. கோலின் நுனியை நீர்மட்டத்தில் மீனை நோக்கி நேராக வைத்துக்கொண்டு, லைனைப் பிடித்த கையால் நீளமாக, பின்னுக்கு இழுங்கள். கனம் கையில் தட்டும் வரை இழுப்பை நிறுத்தாதீர்கள். கனம் தட்டிய பிறகு கோலை உயர்த்தலாம். இது எழுதுவதற்கு எளிது. எனக்கு இந்தப் பழக்கம் வருவதற்கு ஒரு முழுப் பருவமும், அதில் மிகப் பெரிய ஒரு மீனும் செலவாயின.

முள்ளையும் பாருங்கள். தண்டுக்குக் கீழே பென்சில் பருமனுக்கு முடி வைத்தால், தண்டுக்கும் முனைக்கும் இடையே உள்ள வாய் அடைபட்டு, முனை எதையும் தொடாது. கீழ்க்கொத்துகளை மேற்கொத்துகளில் பாதியளவுக்குக் குறையுங்கள். முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகத்தில் பற்றி நின்றால் கூர், வழுக்கினால் அரம் தேவை. முனைக்கு அருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டால் முள் குறைந்த விசையில் ஏறும், மீனைக் காயமின்றி நீரில் விடுவதும் எளிதாகும். லீடரின் (லைனுக்கும் ஃப்ளைக்கும் இடையே கட்டும் நரம்பு) முனையில் எஃகுக் கம்பி போடுகிறீர்கள் என்று நம்புகிறேன். வெறும் நரம்பு அறுந்தால், மீன் முள்ளை வாயோடு கொண்டுபோய்விடும்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. கம்பி போட்டிருக்கிறேன். எட்டுக் கொத்து, 200 டெனியர் நூல், முயல்தோல் இல்லை, வாலுக்கு அடியில் மான்வால் தாங்கல் என்று புதிதாக ஒன்றைக் கட்டினேன். நனைந்தபின் எடை 6 கிராம். ஒரு காலைப்பொழுது முழுவதும் வீசியதில் வால் இரண்டே முறைதான் சுற்றியது. இரண்டும் எதிர்காற்றில், நான் அவசரப்பட்டு வீசியவை. மூன்று மீன்கள் கடித்தன. முதலாவதற்குக் கை பழைய வழக்கப்படி கோலை உயர்த்திவிட்டது, மீன் போய்விட்டது. மற்ற இரண்டும் வலைக்கு வந்தன. தாளில் பரப்பிப் பார்ப்பதற்கு உருவிய முடி இந்த முறை கிடைக்கவில்லை. அறுந்த முடி மட்டும் ஐந்தாறு இருந்தன.

ஒரே ஒரு குறை. தலையின் மேல் வார்னிஷுக்குப் பதிலாக யுவி ரெசின் (புற ஊதா ஒளியில் இறுகும் பூச்சு) பூசினேன். விளக்கை நீண்ட நேரம் காட்டியும் உள்ளே பிசுபிசுப்பாகவே இருக்கிறது.

முதல் பதில் அளித்தவர்

உங்கள் கட்டுநூல் கறுப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன். யுவி ரெசின் ஒளி படும் இடத்தில் மட்டுமே இறுகும். கருநூலுக்கும் அடர்முடிக்கும் அடியில் ஊறிச் சென்றதை எவ்வளவு நேரம் விளக்குக் காட்டினாலும் அது எட்டாது. உள் அடுக்குகளுக்கு சூப்பர் க்ளூவை மட்டும் பயன்படுத்தி அது முற்றிலும் காய்ந்தபின், ரெசினை வெளிமேற்பரப்பில் மெல்லிய இரண்டு பூச்சுகளாக இட்டு, ஒவ்வொரு பூச்சுக்கும் தனித்தனியே ஒளி காட்டுங்கள். அதற்குப் பிறகும் மேலே லேசான பிசுக்கு இருந்தால் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள், போய்விடும். வெள்ளை நூலுக்கு மாறினால் பாதித் தொல்லை குறையும்.