உணவுச் சட்டம் நாடாளுமன்றத்தில் சிக்கிய இடம், நழுவிய இடம்: அனுபவப் பகிர்வு (மன்ற உரையாடல்; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

புண்ணாக்குக் கடை

2019 அக்டோபரில் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) வெளியிட்ட பால் ஆய்வு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 6,432 மாதிரி, அதில் 368ல் அஃப்ளடாக்சின் எம்1 வரம்புக்கு மேல். தமிழ்நாடு முதலிடம், 551க்கு 88. கலப்படம்னு கூச்சல் போட்டாங்க. இது கலப்படமே இல்லை, தீவனத்தில் வந்த பூஞ்சை நச்சு.

கணக்கு ரொம்ப எளிசு. மாட்டுக்கு நாளைக்கு 2 கிலோ கடலைப் புண்ணாக்கு. கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் அஃப்ளடாக்சின் பி1 (மாட்டின் உடலில் எம்1 ஆக மாறும் மூல நச்சு) இருந்தால் உள்ளே போவது 400. அதில் 2 சதவீதம் எம்1 ஆகிப் பாலில் இறங்கினால் 8 மைக்ரோகிராம். 10 லிட்டர் கறக்கும் மாடு என்றால் லிட்டருக்கு 0.8. சட்ட வரம்பு 0.5. காய்ச்சினாலும் போகாது.

உறுத்துறது இதுதான். 2006 உணவுப் பாதுகாப்பு, தரச் சட்டத்தின் 3(1)(ஜே) பிரிவில் உணவுக்கு விளக்கம் சொல்லும்போதே கால்நடைத் தீவனத்தைக் கழிச்சுட்டாங்க. 18(3) பிரிவு இன்னும் ஒரு படி மேல: விவசாயிக்கும் விவசாய வேலைக்கும் கால்நடைக்கும் இந்தச் சட்டமே பொருந்தாது. நச்சு நுழையுற ரெண்டு வாசலும் சட்டத்துக்கு வெளியே. மாட்டிக்கிறது பால் வாங்கி விற்கிறவன். ஒருங்கிணைந்த உணவுச் சட்டத்தைச் சீக்கிரம் கொண்டு வாங்கன்னு நாடாளுமன்ற வேளாண் நிலைக்குழு 2005 ஏப்ரலில் அதன் 12வது அறிக்கையில் கேட்டது. வந்த சட்டத்தில் ஒருங்கிணைப்பு தொழுவத்து வாசலோட நின்னு போச்சு.

தராசுமுள்

18(3) இல்லாமல் இருந்தால் இரண்டு மாடு வைத்திருப்பவரும் உரிமமோ பதிவோ எடுக்க வேண்டும். அதை எந்த உறுப்பினரும் ஆதரித்திருக்க மாட்டார், ஆதரிக்கவும் கூடாது. அந்தப் பிரிவைக் குறை சொல்லாதீர்கள்.

என் பங்குக்கு: எஃப்எஸ்எஸ்ஏஐ விட்ட 2013 மே 11 தேதியிட்ட 'அட்வைசரி'. புதுப் பொருள் எதுவானாலும் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு அறிவுரைக் கடிதத்தால் ஒரு தொழிலையே நிறுத்தி வைத்தார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் 2014ல் அது செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் 2015 ஆகஸ்ட் 19ல் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. ஒரே வாரத்தில் அனுமதி முறையே கைவிடப்பட்டது.

காரணம் 92, 93 பிரிவுகள். ஒழுங்குமுறை என்றால் வரைவை முன்கூட்டி வெளியிட வேண்டும், மத்திய அரசின் முன் ஒப்புதல் வேண்டும், அரசிதழில் வர வேண்டும், பிறகு இரு அவைகளின் மேசை மீதும் வைக்க வேண்டும். அறிவுரைக் கடிதம் இதில் எதையும் தாண்டி வரவில்லை. அவைக்கே வராத தாளை எந்த உறுப்பினர் ஆராய்வார்?

கரிசல் களம்

தராசுமுள், அந்தத் தீர்ப்போடு கதை முடிந்த மாதிரி எழுதுகிறீர்கள். அதற்குப் பிறகுதான் 16(5) பிரிவின் கீழ் ஆணையம் இடும் உத்தரவு, அதாவது 'டைரக்‌ஷன்' பெருகியது. அவசரமென்றால் கலந்தாய்வு இல்லாமல் தரத்தை மாற்றலாம் என்று 18(2)(டி) இடம் தருகிறது, ஆனால் ஆறு மாதம்தான் ஆயுள். நடைமுறையில் என்ன? ஆறு மாதம் முடிகிற நேரத்தில் 'மறு செயலாக்கம்' என்று இன்னொரு கடிதம். வரைவு வரைவாகவே கிடக்கும், அமலில் மட்டும் இருக்கும்.

2024 ஏப்ரலில் மசாலாப் பொருள்களுக்கு நடந்ததைப் பாருங்கள். இந்தியாவில் பதிவில்லாத பூச்சிமருந்துக்கான பொது எச்ச வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராமில் இருந்து 0.1 ஆனது. பத்து மடங்கு. ஒரு உத்தரவு, அவ்வளவுதான். சரியா தப்பா என்பது வேறு பேச்சு. காய்ந்த மிளகாயில் நீர் வற்றினால் எச்சம் செறிவாகும், அதனால் வரம்பைத் தளர்த்தலாம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அந்த வாதத்தை நாடாளுமன்றக் குழு முன்னால் வைத்துக் குறுக்குக் கேள்வி வாங்கியிருக்க வேண்டும்.

மேசைக்கால்

93ஆம் பிரிவைப் பற்றி இங்கே எல்லாரும் பெரிய நம்பிக்கை வைத்திருக்கிறார்கள், அதனால் இது. மேசை மீது வைப்பது என்றால் விவாதம் என்று அர்த்தமில்லை. மக்களவையில் கேள்வி நேரம் முடிந்ததும் அமைச்சர் பட்டியலில் உள்ள தாள்களை ஒரே மூச்சில் சமர்ப்பிப்பார். கூடவே பல சமயம் இன்னொரு தாள் இருக்கும்: தாமதத்துக்குக் காரணம் கூறும் அறிக்கை. கூட்டத்தொடர் நாட்களில் மொத்தம் 30 நாள் இருக்க வேண்டும். அது ஒரே தொடரில் முடியாவிட்டால் அடுத்த தொடருக்கு நீளும். திருத்தவோ நீக்கவோ இரண்டு அவையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அப்படி நீக்கினாலும் அதுவரை நடந்தது செல்லும். வாங்கிய அபராதம் திரும்பி வராது.

உண்மையான வேலை சார்நிலைச் சட்டக் குழுவில் (சட்டத்தின் கீழ் போடப்படும் விதிகளைச் சோதிக்கும் நாடாளுமன்றக் குழு). மக்களவைக் குழுவில் 15 பேர், அமைச்சர் யாரும் இருக்க முடியாது. அவர்கள் பார்ப்பது அஃப்ளடாக்சின் அளவை அல்ல. தாய்ச் சட்டம் தந்த அதிகாரத்தைத் தாண்டியதா, முன்தேதியிட்டு அமலானதா, வெளியிடுவதில் காரணமற்ற தாமதமா, இவைதான். கரிசல் களம் சொல்லும் மசாலா வரம்பு இந்தச் சல்லடையில் விழாது. அந்த விஞ்ஞானத்தைக் கேட்க வேண்டியது அந்த அமைச்சகத்தைக் கண்காணிக்கும் துறை நிலைக்குழு.

வரப்பு

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். குழு வரைக்கும் காத்திருக்காதீர்கள், வரைவு நிலையிலேயே எழுதுங்கள். வழக்கமாக 60 நாள் தருவார்கள். 'இது சிறு விவசாயிகளைப் பாதிக்கும்' என்று மூன்று பக்கம் எழுதினால் 'கருத்து பரிசீலிக்கப்பட்டது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நாலு கட்டம் போடுங்கள். முதலில் வரைவின் பிரிவு எண். அடுத்து அதில் இருக்கும் வாசகம், அப்படியே. மூன்றாவது, நீங்கள் கேட்கும் மாற்று வாசகம், சட்ட நடையில். நாலாவது ஆதாரம்: ஆய்வக முடிவு, கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தரம்) அளவு, செலவுக் கணக்கு. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் மற்ற மூன்றும் வீண்.

இயற்கை உணவு ஒழுங்குமுறை, 2017ஐ எடுத்துக்கொள்ளுங்கள். விவசாயி நேரடியாக விற்றால் சான்று வேண்டாம் என்று சலுகை இருக்கிறது. சிறு உற்பத்தியாளருக்கு ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம், திரட்டி விற்பவருக்கு 50 லட்சம் என்று எண்ணும் வைத்தார்கள். மாற்றுக் கேட்டால் இப்படி எண்ணோடு கேளுங்கள்.

ஒரு மசோதா குழுவுக்குப் போய்விட்டால் முறை வேறு. பத்திரிகை விளம்பரம் வரும், குறுகிய கெடு, இரண்டு பிரதி, ஆங்கிலம் அல்லது இந்தி. தமிழில் எழுதியதை அப்படியே அனுப்பினால் நிற்காது. விளம்பரத்தில் சொன்ன குழுவின் செயலகத்துக்கு அனுப்புங்கள், அமைச்சகத்துக்கு அல்ல. நேரில் சாட்சி சொல்ல விருப்பம் என்றால் அதே கடிதத்தில் குறிப்பிடுங்கள், பிறகு கேட்டால் நடக்காது. பூச்சிமருந்து மேலாண்மை மசோதா 2020 மார்ச்சில் மாநிலங்களவையில் அறிமுகமாகி, அடுத்த ஆண்டு வேளாண் நிலைக்குழுவுக்குப் போனது. அந்த இடைவெளியில் தயாராக இருந்தவர்களுக்குத்தான் கெடு போதுமானதாக இருந்திருக்கும்.

தராசுமுள்

வரப்பு, எங்கே கேட்டார்கள் இத்தனையும்? ஆனால் மூன்றாவது கட்டம் பற்றிச் சொன்னது சரி.

இன்னொன்று. நாடாளுமன்றக் கூட்டுக்குழு அலசிய ஜன் விஸ்வாஸ் சட்டத்தை (பல சட்டங்களின் தண்டனைகளைத் தளர்த்திய சட்டம்) யாருமே தொடவில்லை. 2023ல் அது உணவுச் சட்டத்தின் 59ஆம் பிரிவைத் திருத்தியது. பாதுகாப்பற்ற உணவு, ஆனால் யாருக்கும் கேடு நேரவில்லை என்றால் சிறை ஆறு மாதம் வரை இருந்தது மூன்று மாதமாகக் குறைந்தது. அபராதம் ஒரு லட்சத்தில் இருந்து மூன்று லட்சமாக ஏறியது. பெரிய ஆலைக்கு மூன்று லட்சம் ஒரு செலவா?

சீல் அரக்கு

தண்டனையை விடுங்கள், மாதிரி எடுப்பதைப் பாருங்கள். 47ஆம் பிரிவின்படி மாதிரியை நாலாகப் பிரிக்க வேண்டும். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலரிடம் (மாவட்ட உணவுப் பாதுகாப்புப் பொறுப்பாளர்), நாலாவது கடைக்காரர் கேட்டால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு. கேட்டால்தான். பலருக்கு அந்த உரிமை இருப்பதே தெரியாது. பகுப்பாய்வாளருக்கு 14 நாள், மேல்முறையீட்டுக்கு 30 நாள்.

முதல் பதிவில் சொன்ன பாலுக்கு இது சரிப்படும். பால் கலந்து நிற்கும், நாலு பாட்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டும். நிலக்கடலைப் பருப்பில் அப்படி இல்லை. பூஞ்சை பிடித்த ஒன்றிரண்டு பருப்பு ஒரு பொட்டலத்தில் விழுந்தால் அது மட்டும் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் வரம்பைத் தாண்டும், மற்ற மூன்றும் சுத்தம் என்று வரும். முழு மாதிரியையும் அரைத்துக் கலக்கிவிட்டுப் பிறகு பிரித்தால்தான் நாலும் ஒத்துப்போகும். 2017 தணிக்கை அறிக்கையில் சிஏஜி (தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) சொன்னது, 72 மாநில ஆய்வகங்களில் 65க்கு என்ஏபிஎல் (ஆய்வகத் தர அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இல்லை. எத்தனை ஆய்வகம் என்று கேட்ட உறுப்பினர்கள் உண்டு. அரைத்த பிறகு பிரிக்கிறீர்களா, பிரித்த பிறகு அரைக்கிறீர்களா என்றும் கேட்டால் நல்லது.